கரைக்குப் பயந்தவர்

நள்ளிரவில் காற்று எழுந்து ஜன்னல் கதவை உலுக்கத் தொடங்கினால் எனக்கு ஒரு கை நினைவுக்கு வரும். இறந்துபோன ஒருவரின் கை. நடுக்கடலில் மரக்கால்களின் மேல் நின்ற ஒரு கூண்டுக்கு வெளியே, காற்றடிக்கும்போதெல்லாம் ஆளைக் கூப்பிடுவதுபோல் அசைந்துகொண்டிருந்த கை. நடந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து, புயல் என்றாலே அலையோ சாய்ந்த மரமோ எனக்குத் தோன்றுவதில்லை. அந்தக் கைதான் தோன்றுகிறது.

கலங்கரை விளக்கக் காவலர்களுக்குப் பைத்தியம் பிடிக்கும் கதைகள் கடல் உள்ள நாடுகளில் எல்லாம் உண்டு. பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. ஒற்றைப் பாறை, ஓயாத புயல், இரண்டு ஆண்கள், தீர்ந்துகொண்டே வரும் உணவு, கடைசியில் ஒரு கோடரி. எனக்கு இந்தக் கதைகள் பிடிக்கும். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், தூக்கம் வராத இரவுகளில் தேடித் தேடிப் படிப்பேன். அப்படிப் படித்துக்கொண்டே போனதில் ஒரு சந்தேகம் வலுத்துவிட்டது. இந்தக் கதைகளில் குற்றவாளிக் கூண்டில் எப்போதும் கடல்தான் நிற்கிறது. பழைய அறிக்கைகளையும் பதிவேடுகளையும் புரட்டினால், வேறொருவர் பின்வாசல் வழியாக நழுவிப் போவது தெரிகிறது.

கைக்கு வருகிறேன்.

வேல்ஸின் தென்மேற்குக் கரையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, ஸ்மால்ஸ் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. கடல் கொஞ்சம் பொங்கினாலே அலை ஏறி அடிக்கும் பாறைகள். அங்கே 1776-இல் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது. வடிவமைத்தவர் ஹென்றி வைட்சைட். இவர் பொறியாளர் அல்ல, லிவர்பூலில் இசைக்கருவிகள் செய்துகொண்டிருந்தவர். கல்லைக் கட்டி அலையோடு மோதுவதை விட, அலைக்கு வழிவிட்டுவிடுவது மேல் என்று நினைத்தார். ஓக் மரத் தூண்களைப் பாறையில் நட்டு, அவற்றின் தலைமேல் ஓர் எண்கோண அறையை உட்காரவைத்தார். தண்ணீர் கால்களுக்கு நடுவே புகுந்து போய்விடும். கட்டடம் முழுக்க நடுங்கும், ஆனால் நிற்கும். எண்பத்தைந்து ஆண்டுகள் நின்றது. தந்தி முறுக்கிப் பழகிய ஆளுக்கு, விறைத்து நிற்பதை விட அதிர்ந்து கொடுப்பதே நல்லது என்று தெரிந்திருக்கும்போலும். அடுத்த ஆண்டே அவரும் அங்கே மாட்டிக்கொண்டு, உதவி கேட்டு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட வேண்டி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1801 வாக்கில் அந்த அறையில் இருந்தவர்கள் தாமஸ் ஹோவல், தாமஸ் கிரிஃபித். இரண்டு பேருக்கும் ஒத்துவராது. ஊரறிய சண்டை போட்டுக்கொள்கிறவர்கள். அப்படிப்பட்ட இருவரை யார் ஒரே அறையில் பூட்டினார்கள் என்று கேட்கத் தோன்றும். விளக்குக்கு இரண்டு ஆள் வேண்டும், இரண்டு ஆள் கிடைத்தார்கள். அலுவலகம் இதற்கு மேல் யோசிக்காது. புயல் பருவத்தில் கிரிஃபித் நோயுற்று, அல்லது அடிபட்டு (சொல்பவரைப் பொறுத்து இது மாறுகிறது), இறந்துபோனார். ஹோவல் தனியாக ஒரு பிணத்தோடு நின்றார்.

வெளியே கடல். கையெட்டும் தூரத்தில் கடல். பாறைக் காவலர் யாரும் செய்யக்கூடியது உடலைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்குவது. ஹோவல் அதைச் செய்யவில்லை. செய்தால், கரைக்குத் திரும்பும் நாளில் அவர் என்ன சொல்வார்? "இறந்துவிட்டார், கடலில் விட்டுவிட்டேன்" என்றால் யார் நம்புவார்கள்? சண்டைக்காரனைக் கொன்று தள்ளிவிட்டான் என்றுதான் பேசுவார்கள். பிணம்தான் அவருக்கு இருந்த ஒரே சாட்சி. அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

பீப்பாய் செய்யும் தொழில் தெரிந்தவர் என்கிறார்கள். அறைத் தடுப்புப் பலகைகளைப் பெயர்த்துப் பெட்டி செய்தார். முதலில் உள்ளேயே வைத்திருந்தார். உடல் அழுகத் தொடங்கியதும், தனியாக இழுத்துக்கொண்டுபோய் வெளி மாடத்துக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். அடுத்து வந்த புயல் பெட்டியின் பலகைகளை உடைத்தது. ஒரு கை வெளியே சரிந்து தொங்கியது. காற்று அதை ஆட்டியது. அந்தப் பக்கம் வந்த கப்பல்கள் விளக்கு எரிவதைப் பார்த்தன, மாடத்தில் ஒருவர் சாய்ந்து நிற்பதையும், சில சமயம் கையசைப்பதையும் பார்த்தன. எல்லாம் நலம் என்று போய்ச் சொன்னார்கள். அலை தணிந்து படகு போய்ச் சேர வாரக்கணக்கில் ஆயிற்று. இறங்கி வந்த ஹோவலை அவருடைய நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

அத்தனை நாளும் விளக்கு ஓர் இரவுகூட அணையவில்லை. கதை சொல்கிறவர்கள் இந்த வரியை அவசரமாகக் கடந்து கையிடம் போய்விடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

2020-இல் ஊரடங்கு வந்தபோது நான் ஒரு நண்பனோடு ஒரே வீட்டில் அடைபட்டிருந்தேன். அதற்கு முன் ஒருவரையொருவர் வார இறுதிகளில் மட்டும் பார்த்துக்கொண்டவர்கள். முதல் வாரம் சிரித்துப் பேசினோம். மூன்றாம் வாரம், அவன் கோப்பையில் கரண்டியைச் சுழற்றும் சத்தம் கேட்டாலே எனக்குத் தாடை இறுகியது. பதினான்கு சுற்று சுற்றுவான். எண்ணியிருக்கிறேன். பிறகு கரண்டியைக் கோப்பை விளிம்பில் இரண்டு முறை தட்டுவான். அந்த இரண்டாவது தட்டுக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அவனுக்கு என்னிடம் எதைக் கண்டால் எரிந்தது என்று நான் பிறகு கேட்டேன். நான் கதவை மூடும்போது தாழ்ப்பாளை விட்டு விட்டு இருமுறை இழுத்துப் பார்க்கிறேனாம். எனக்கு அது இன்றுவரை தெரியாது.

ஒருநாள் ஜன்னலைத் திறந்துவைப்பதா மூடுவதா என்று தொடங்கி, கத்திச் சண்டை போட்டோம். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். இரண்டு நாள் கழித்து அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. நள்ளிரவில் எழுப்பியும் கண் திறக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களில் என் மனத்தில் முதலில் ஓடியது அவனைப் பற்றிய கவலை அல்ல. கீழ்வீட்டுக்காரர் சண்டையைக் கேட்டிருக்கிறார் என்பதுதான் ஓடியது. அவன் பிழைத்தான், சாதாரணக் காய்ச்சல், விடியும்போது தண்ணீர் கேட்டான். நான் அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஹோவலின் கதையை மறுபடி படித்த அன்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த மனிதரைக் கலக்கியது புயல் என்றால் பெட்டி எதற்கு? அவர் கடலுக்குப் பயப்படவில்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த கரைக்குப் பயந்தார்.

நம் மொழியில் இந்த விளக்குக்கு வாய்த்த பெயரை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. கலங்கரை விளக்கம். கலத்தைக் கரையும் விளக்கம், அதாவது கூப்பிடும் விளக்கம். காக்கை கரைகிறதே, அந்தக் கரைதல். ஆனால் கரை என்றால் நிலத்தின் ஓரமும்தான். உப்பு நீரில் கரைவதும் கரைதல்தான். வாய்விட்டுச் சொல்லும்போது 'கலங்கு' என்ற ஒலியும் உள்ளே கேட்டுவிடுகிறது. இலக்கணக்காரர்கள் என்னை மன்னிக்க வேண்டும், பகுபதம் அப்படிப் பிரியாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ஓர் ஆள் உள்ளே கலங்கிக் கரைய, வெளியே கலங்களைக் கரைந்து அழைக்கும் வேலைக்கு இதை விடப் பொருத்தமான பெயரை யாரும் திட்டமிட்டு வைத்திருக்க முடியாது.

ஸ்மால்ஸ் சம்பவத்துக்குப் பிறகு பாறை விளக்குகளில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாவது ஆளின் வேலை என்ன? ஒருவர் இறந்தால் மற்றவர் கொல்லவில்லை என்று சொல்வதற்கு ஓர் ஆள். பைத்தியத்துக்குக் கண்டுபிடித்த மருந்து, ஒரு சாட்சி.

சாட்சி இருந்தும் நம்பாத கரையும் உண்டு. இங்கிலாந்தின் பிளிமத்துக்கு அப்பால் எடிஸ்டோன் பாறையில், 1755 டிசம்பரில், மரத்தாலான விளக்குக் கோபுரம் தலையில் தீப்பிடித்தது. காவலர் ஹென்றி ஹாலுக்கு வயது 94 என்கிறார்கள். வாளி வாளியாகத் தண்ணீரை மேலே வீசிக்கொண்டிருந்தார். கூரையின் ஈயம் உருகி அவர் மேல் கொட்டியது. கரைக்கு வந்ததும், உருகிய ஈயம் தன் தொண்டைக்குள் போய்விட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கிழவருக்கு அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் இறந்தார். மருத்துவர் அறுத்துப் பார்த்தால், வயிற்றில் ஏழு அவுன்ஸ் ஈயக்கட்டி. மருத்துவர் அதை லண்டனின் ராயல் கழகம் என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதியபோது அவரையும் உடனே நம்பவில்லை. அந்த ஈயக்கட்டி இன்று எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பைத்தியக்காரப் பேச்சு என்று தள்ளப்பட்ட ஒரு வாக்கியம் கெட்டியாகி, எடைபோடப்பட்டு, கண்ணாடிக்குள் உட்கார்ந்திருக்கிறது.

கடல் ஒன்றும் செய்யவில்லை என்று நான் வாதாடவில்லை. செய்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையை ஒட்டிய சில்லி தீவுகளுக்கு அப்பால், பிஷப் ராக் என்று ஒரு விளக்கு. முதலில் இரும்புக் கால்களில் கட்டிய கோபுரத்தை, விளக்கேற்றும் முன்பே, 1850-இல் ஒரே இரவில் கடல் துடைத்துவிட்டது. பிறகு கருங்கல்லில் கட்டினார்கள். 1860 ஜனவரியில் ஒரு புயல், கடல்மட்டத்துக்கு நூறடி மேலே தொங்கிய பனிமூட்ட மணியை அடியோடு பிடுங்கிக்கொண்டு போயிற்று. பெரிய அலை மோதும்போது அலமாரியிலிருந்து பாத்திரங்கள் விழும் அளவுக்குக் கோபுரம் ஆடும். உள்ளே இருப்பவருக்கு அலை கண்ணுக்குத் தெரியாது. இரும்பு மூடிகளை அடைத்திருப்பார்கள். காதால் கேட்பதை விட உள்ளங்காலால்தான் அலையைக் கேட்பார்கள். ஒன்று அடித்து, கல் முனகி, அடுத்தது வரும்வரை உள்ள இடைவெளி. என் நண்பனின் இரண்டாவது கரண்டித் தட்டு போல என்று சொன்னால் சிரிப்பீர்கள். அளவு வேறு, இனம் ஒன்றுதான்.

பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியின் மேற்கு முனைக்கு அப்பால் ஆர்-மென் என்ற பாறை விளக்கு. 1867-இல் வேலை தொடங்கிய ஆண்டு முழுக்க அந்தப் பாறையில் ஏழு முறைதான் இறங்க முடிந்தது. மொத்தம் எட்டு மணிநேர வேலை. கட்டி முடித்து விளக்கேற்ற 1881 ஆயிற்று. பிரெஞ்சுக் காவலர்கள் தங்கள் பணியிடங்களுக்கு மூன்று பெயர் வைத்திருந்தார்கள். நிலத்தில் இருப்பது சொர்க்கம், தீவில் இருப்பது உத்தரிக்கிற ஸ்தலம் (சொர்க்கத்துக்கு முன் பாவம் கழிக்கும் இடம்), நடுக்கடல் பாறை நரகம். ஆர்-மென் அவர்களுக்கு நரகங்களின் நரகம். 1990 வரை அந்த நரகத்துக்கு ஆள் அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே கடலில் டெவெனெக் என்ற பாறைக்குப் பேய்ப் பெயர். 1875-இல் ஏற்றிய விளக்கு. தனியாக இருந்த முதல் காவலர் குரல்களைக் கேட்டுப் புத்தி பேதலித்தார் என்று கதை. பாறைக்கு அடியில் ஒரு குகைத் துளை இருப்பதாகவும், அலை உள்ளே புகுந்து காற்றை நெருக்கும்போது ஓலம் போலக் கேட்கும் என்றும் சொல்கிறார்கள். சிலுவை நட்டும் பார்த்தார்கள். பின்னாளில் தம்பதிகளை அனுப்பினார்கள், அவர்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்கள் உண்டு. அதே குகை, அதே ஓலம். பக்கத்தில் ஒரு ஆள் "அது காற்றுதான், தூங்கு" என்று சொல்ல இருந்தால் போதும்போல.

அல்லது போதாது. பக்கத்து ஆளே புயலாகவும் ஆவார். கலிஃபோர்னியாவின் வடகோடிக்கு அப்பால் செயின்ட் ஜார்ஜ் ரீஃப் விளக்கில் 1937-இல் 59 நாட்கள் படகு நெருங்க முடியாமல் காவலர்கள் அடைபட்டார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் சொன்ன விவரம், இதுவரை நான் படித்த கோடரிக் கதைகள் எல்லாவற்றையும் விட என்னைப் பயமுறுத்தியது. நான்கு வாரத்துக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். காலை வணக்கம் சொன்னால்கூட அவமானமாகப் பட்டது. உப்பை எடுங்கள் என்று கேட்பதே சண்டைக்கு அழைப்பது போல. சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்தவரின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். வானிலை தெளிந்ததும் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான், யாரும் யாரையும் வெட்டவில்லை. உண்மையான பைத்தியம் பெரும்பாலும் இப்படித்தான் வந்து, இருந்து, சொல்லாமல் போய்விடும் என்று தோன்றுகிறது.

பாஸ்டனுக்குத் தெற்கே மைனாட்ஸ் லெட்ஜ் என்ற இடத்தில் நடந்ததைச் சொன்னால் என் கட்சி இன்னும் விளங்கும். இரும்புக் கால்களில் நின்ற விளக்கு, 1850 ஜனவரியில் ஏற்றப்பட்டது. முதல் காவலர் ஐசக் டன்ஹாம் அது தாங்காது, வலுப்படுத்துங்கள் என்று எழுதினார். யாரும் கேட்கவில்லை, வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்த ஜான் பென்னட், முன்னவரைக் கோழை என்பதுபோல் பேசியவர், ஒரு பருவம் இருந்து பார்த்துவிட்டு அதையே எழுதினார். சோதிக்க ஒரு குழு வந்தது. வந்த நாள் கடல் அமைதியாக இருந்தது. கோபுரம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

1851 ஏப்ரல் நடுவில் புயல் வந்தபோது பென்னட் கரையில் இருந்தார். கோபுரத்தில் இரண்டு இளம் உதவியாளர்கள், ஜோசப் வில்சனும் ஜோசப் அன்டோயினும். அவர்கள் புட்டியில் அடைத்து எறிந்த சீட்டு ஒன்று பிறகு கிடைத்தது. கோபுரம் இனித் தாங்காது, எழுதும்போதே பக்கத்துக்கு மூன்றடி ஆடுகிறது, கடவுள் உங்கள் எல்லோரையும் காக்கட்டும் என்று அதில் இருந்தது. பத்து மணிவரை கரையிலிருந்து வெளிச்சம் தெரிந்திருக்கிறது. நள்ளிரவுக்குப் பிறகும் மணி ஒலித்திருக்கிறது. விடிந்தபோது பாறையில் வளைந்த இரும்புக் குச்சிகள் மட்டும் நின்றன. அந்தச் சீட்டில் பைத்தியத்தின் சாயல் எங்கே இருக்கிறது? அளவு சொல்கிறான் ஐயா, மூன்றடி என்று. புத்தி பேதலித்தவர்கள் என்று யாரையாவது சொல்வதானால், அமைதியான நாளில் படகேறி வந்து பார்த்தவர்களைச் சொல்லலாம்.

பின்பு அங்கே கட்டிய கல் கோபுரத்தைப் பற்றியும் ஒரு கதை உலவுகிறது. வட்டமான அறைகளில் வாழ்ந்து, ஒரு மூலைகூட இல்லையே என்று ஏங்கியே ஒரு காவலருக்குச் சித்தம் கலங்கிவிட்டதாம். மூலை இல்லாத இடத்தில் மூளை தங்காது என்று தமிழில் சொல்ல வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே நான் அதை நம்பவில்லை.

இப்போதெல்லாம் காவலர்களின் பைத்தியத்துக்கு ஒரு வேதியியல் விளக்கமும் சொல்கிறார்கள். பாதரசம். ஒளியைக் குவிக்கும் பெரிய கண்ணாடி வில்லைகள் டன் கணக்கில் எடை உள்ளவை. அவற்றைச் சுழற்றுவதற்கு, 1890-களிலிருந்து, பாதரசம் நிரப்பிய தொட்டியில் மிதக்கவிட்டார்கள். ஒற்றை விரலால் தள்ளினால் சுழலும். அழகான யோசனை. பாதரசத்தில் தூசு படிந்தால் சுழற்சி தடைப்படும் என்பதால், காவலர்கள் அதை அவ்வப்போது துணியில் வடிகட்டிச் சுத்தம் செய்தார்கள். காற்றோட்டம் குறைந்த விளக்கறையில், வெறும் கையோடு. பாதரச ஆவியை நெடுநாள் சுவாசித்தால் கை நடுங்கும், தூக்கம் கெடும், மறதி வரும், காரணமில்லாத கூச்சமும் எரிச்சலும் வரும். தொப்பி செய்யும் தொழிலாளர்களிடம் முன்பே பார்த்த நோய்தான்.

இதைப் படிப்பவர்கள், அப்படியானால் எல்லாம் பாதரசம்தான் என்று நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஹோவல் இருந்த காலத்தில் பாதரசத் தொட்டியே கிடையாது. எடிஸ்டோன் கிழவருக்கும் கிடையாது. இருந்த இடங்களில் அது நிச்சயம் சிலரை அரித்திருக்கும். ஆனால் அந்தத் தொட்டியைச் செய்தது யார்? படகில் ஏற்றி அனுப்பியது யார்? அதுவும் கடலில் விளைந்தது அல்ல.

அதை விட எளிய காரணம் ஒன்று இருக்கிறது, யாரும் அதைக் கதையாக எழுதுவதில்லை. தூக்கம். வில்லையைச் சுழற்றும் இயந்திரம் கடிகாரம் போன்றது. ஒரு பாரம் கோபுரத்துக்குள் மெல்ல இறங்க இறங்க அது ஓடும். இறங்கி முடிந்தால் கையால் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். இரவு முழுக்க, முறைவைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் பார்த்து, பாரத்தை ஏற்றி. புயல் என்றால் பகலிலும் தூங்க முடியாது. பனிமூட்டம் என்றால் ஊதுகொம்பு நிமிடத்துக்கு நிமிடம் அலறும். அந்த அலறலுக்கு இடம்விட்டு, வாக்கியத்தை நடுவில் நிறுத்தி, பிறகு தொடர்ந்து பேசக் காவலர் குடும்பங்கள் பழகிவிடும் என்றும், கரைக்கு வந்த பிறகும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பேசுவார்கள் என்றும் சொல்வார்கள். கேட்கிற கரைவாசிக்கு அது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசியுங்கள்.

கடைசியாக ஃப்ளானன் தீவு. பேய்க்கதைப் பிரியர்கள் இவ்வளவு நேரம் இதற்காகத்தான் காத்திருந்திருப்பார்கள்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, லூயிஸ் தீவுக்கும் அப்பால். விளக்கு ஏற்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1900 டிசம்பரில் அங்கே ஜேம்ஸ் டுகாட், தாமஸ் மார்ஷல், டொனால்ட் மெக்கார்தர். புயலால் தாமதமாகி 26-ஆம் தேதி போய்ச் சேர்ந்த ஹெஸ்பெரஸ் கப்பலிலிருந்து முதலில் இறங்கியவர் ஜோசப் மூர், விடுப்பு முடிந்து திரும்பும் காவலர். கதவுகள் மூடியிருந்தன. படுக்கைகள் காலி. அடுப்பில் பல நாளாகத் தீ இல்லை. கடிகாரம் நின்றிருந்தது. விளக்கு துடைத்து, எண்ணெய் நிரப்பி, ஏற்றுவதற்குத் தயாராக இருந்தது. மூன்று பேரும் இல்லை.

கற்பலகையில் கடைசிக் குறிப்பு 15-ஆம் தேதி காலை. இரண்டு பேருடைய கடல் காலணிகளையும் மழையங்கிகளையும் காணவில்லை, மூன்றாமவரின் அங்கி மட்டும் மாட்டிய இடத்திலேயே இருந்தது. மேற்குத் துறையில் கடல்மட்டத்துக்கு 110 அடி உயரத்தில் வைத்திருந்த கயிற்றுப்பெட்டி உடைந்து சிதறியிருந்தது, இரும்புக் கம்பிகள் முறுக்கப்பட்டிருந்தன. மேற்பார்வையாளர் ராபர்ட் மூர்ஹெட் எல்லாவற்றையும் பார்த்து, கயிற்றுப்பெட்டியைப் பத்திரப்படுத்தப் போன இடத்தில் பெரும் அலை வாரிக்கொண்டு போயிற்று என்று எழுதினார். அங்கியில்லாமல் ஓடியவர், ஆபத்தைக் கண்டு பதறி ஓடியிருப்பார் என்று நான் ஊகிக்கிறேன். வேலை செய்யப் போய்ச் செத்தார்கள்.

கரைக்கு இது போதவில்லை. 1912-இல் ஓர் ஆங்கிலக் கவிதை கவிழ்ந்த நாற்காலியையும் தொடாத உணவையும் சேர்த்தது. மூர் பார்த்த சமையலறை ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஓர் அமெரிக்கப் பத்திரிகையில், பதிவேட்டுக் குறிப்புகள் என்ற பெயரில் சில வரிகள் முளைத்தன. இதுவரை காணாத புயல், டுகாட் எரிந்து விழுகிறார், மெக்கார்தர் அழுகிறார், எல்லோரும் ஜெபித்தோம். இன்றும் இவை உண்மை போலவே சுற்றுகின்றன. துணைக் காவலர் ஒருவர், தலைமைக் காவலரே படித்துக் கையெழுத்திடும் அரசாங்கப் பதிவேட்டில், அவர் எரிந்து விழுகிறார் என்று எழுதுவாரா? ஒரே ஒரு நாள் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தவருக்குக்கூட இது தெரியும். காற்றின் திசை, அழுத்தமானி, விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம். இதற்கு மேல் அந்த ஏடுகள் பேசாது. உள்ளே இருந்தவர்களின் மனம் எப்படி இருந்தது என்பதற்கு அவற்றில் பத்தியே கிடையாது. அந்த வெற்றிடத்தில் நாம் நமக்குப் பிடித்ததை நிரப்பிக்கொண்டோம். தூக்கம் வராத இரவுகளில் தேடிப் படிக்கும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் மூர்ஹெட்டின் அறிக்கையில் ஓர் இடம் இருக்கிறது. காவலர்களோடு கடைசியாகக் கைகுலுக்கி விடைபெற்றவன் நான்தான் என்று எழுதுகிறார். டிசம்பர் 7-ஆம் தேதி பார்த்துவிட்டு வந்திருந்தார். அரசாங்க அறிக்கைக்கு அந்த வாக்கியம் தேவையே இல்லை. அதே அறிக்கையில் மூரைப் பற்றியும் சொல்கிறார். மூர் மிகவும் மிரண்டுபோயிருக்கிறார், இந்தப் படபடப்பு தீரவில்லை என்றால் இடம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் அதைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன், இந்த நிலையத்தின் வேலை தெரிந்த ஓர் ஆளாவது இங்கே இருக்க வேண்டும்.

கவிதையிலும் பத்திரிகையிலும் மூருக்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. 26-ஆம் தேதி இரவு, கப்பலிலிருந்து உடன் தங்க முன்வந்த சிலரோடு அவர் அந்தத் தீவிலேயே இருந்தார். அணைந்துகிடந்த அடுப்புக்கும் நின்றுபோன கடிகாரத்துக்கும் நடுவே. துடைத்து நிரப்பி வைத்திருந்த விளக்கை, வைத்தவர்கள் வைத்தபடியே எடுத்து, அன்று இரவே ஏற்றினார்.